உண்மைக்குத் தண்டனை

ஆகாய விமானத்தில் ஏறி உட்காரும் பிரயாணி, தம் உயிரை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் இயலாது. மூடிய கதவுக்கு அப்பால் அமர்ந்திருக்கும் விமானிக்குக் கண் பார்வை சரியாக இருக்கிறதா, இருதயம் ஒழுங்காக அடிக்கிறதா, சித்தம் தெளிந்திருக்கிறதா என்பதையெல்லாம் பிரயாணியின் சார்பில் விசாரித்தறிந்து அத்தாட்சிப் பத்திரம் வழங்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே விமானிகளின் வைத்தியப் பரிசோதனை, விமானிக்கும் வைத்தியருக்கும் இடையிலுள்ள சொந்த விவகாரமன்று. பொதுஜனங்களின் உயிரைப் பற்றிய விஷயம். அந்தப் பரிசோதனை உண்மையை வெளிக்கொணரும் முறையில் நடைபெறுகிறதா, அல்லது உண்மையை மறைக்கும்படி விமானிகளை நிர்ப்பந்திக்கும் முறையில் நடைபெறுகிறதா? தேகத்தைப் பொறுத்தவரை முன்னது. மனத்தைப் பொறுத்தவரை பின்னது என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கூறுவோம்.

1944-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையை ஒட்டி எழுந்த சர்வதேச விதிகளே உலகெங்கும் இந்தப் பரிசோதனைக்கு அடிப்படை. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானி, முதல் வகுப்புத் தேகதகுதிப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும். பொதுவாக அது பன்னிரண்டு மாதம் செல்லும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு ஆறே மாதம். நமது நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதை வழங்குகிறது. டில்லியிலும் பெங்களூரிலும் ஜோர்ஹாட்டிலும் உள்ள விமானப் படையின் நிலையங்கள் நெடுங்காலமாக இந்தப் பரிசோதனைகளை நடத்தி வந்திருக்கின்றன. கண், காது, ரத்தம், சிறுநீர், இருதயம் ஆகிய யாவும் அங்கே சோதிக்கப்படுகின்றன. சென்ற பரீட்சையில் தேறியவர் அடுத்த பரீட்சையிலும் தேறுவார் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. வக்கீல் தொழிலிலோ உபாத்தியாயர் தொழிலிலோ வருஷந்தோறும் ஒருவருடைய ஜீவனமே இவ்வாறு தராசில் வைத்து நிறுக்கப்படுவதில்லை. நிறுக்க வேண்டியதுதான் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நிறுக்கும் தராசு சரியானதா என்பதே விவாதம்.

தேகத்தின் குற்றங்களைக் கண்டுபிடிப்பதில் இந்த முறை பெரும்பாலும் நன்மையே செய்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி லண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஒரு டிரைடன்ட் விமானம் விழுந்து 118 பேர் மாண்டனர். தலைமை விமானியின் இருதய ரத்தக் குழாய்களில் கடுமையான நோய் மறைந்திருந்தது என்பது பிரேத பரிசோதனையில் தெரிந்தது. அவர் முறைப்படி பரிசோதிக்கப்பட்டுப் பத்திரம் பெற்றவரே. அவ்விபத்துக்குப் பின் விமானிகளின் இருதயத்தைப் பற்றி வைத்தியர்கள் மேலும் கூர்ந்து ஆராயலாயினர். இன்று கருவிகள் பெருகியிருக்கின்றன. விமானி தமக்கு மார்பு வலியே இல்லை என்று சாதித்தாலும், இ.சி.ஜி. கருவி வரைந்து காட்டும் கோடு பொய் சொல்வதில்லை. ரத்தத்திலுள்ள சர்க்கரையை எந்த நாவன்மையாலும் மறைக்க முடியாது.

மனத்தின் கதை வேறு. அதை அளக்கக் கருவி கிடையாது. வைத்தியர் கேட்க வேண்டும். விமானி பதில் சொல்ல வேண்டும். தூக்கம் வருகிறதா? வாழ்க்கையில் வெறுப்பு உண்டா? இதற்கு முன் மனோவியாதிக்கு மருந்து உட்கொண்டதுண்டா? இந்த வழக்கில் விமானி ஒருவரே சாட்சி. வேறு சாட்சியும் இல்லை, தஸ்தாவேஜும் இல்லை. அந்த ஒரே சாட்சியிடம், ‘நீ உண்மை சொன்னால் உன் சம்பளம் போகும், கடன்காரன் வாசலில் நிற்பான், உன் சகாக்கள் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக் காலையே விமானம் ஓட்டப் போகலாம்’ என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட சாட்சியிடமிருந்து உண்மையை எதிர்பார்க்கும் நீதிபதி உலக அனுபவமற்றவராகவே இருக்க வேண்டும்.

இது வெறும் தர்க்கமன்று. 2015-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி நடந்த கோரத்தை உலகம் மறந்திருக்காது. பார்ஸிலோனாவிலிருந்து டுஸ்ஸல்டார்ப் நகருக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் கம்பெனியின் விமானத்தைத் துணை விமானி பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதி அழித்தார். தலைமை விமானி சற்று வெளியே சென்ற தருணத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, 38,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தைக் கீழே இறங்கும்படி திருப்பினார். பிரயாணிகள் 144 பேர், சிப்பந்திகள் 6 பேர். ஆக 150 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 150 பேரைக் கொன்ற செயலுக்கு எந்தக் காரணமும் சமாதானமாகாது. ஆயினும் அது மீண்டும் நிகழாமலிருக்க வேண்டுமானால் அதன் காரணங்களைக் கண் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

பிரெஞ்சு விசாரணை ஸ்தாபனம் 2016 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, ஒரு வழக்கின் தீர்ப்பைப்போல் படிக்கத்தக்கது. அந்த இளைஞர் 2008-இல் பயிற்சியின்போதே மனச்சோர்வுக்கு ஆளாகிப் பயிற்சியை நிறுத்த நேர்ந்தது. குணமடைந்த பின், நோய் திரும்பினால் செல்லாது என்ற குறிப்புடன் 2009-இல் அவருக்குப் பத்திரம் கிடைத்தது. அதன்பின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டது. கடைசியாகப் பரிசோதனை நடந்தது 2014 ஜூலையில். நோய் திரும்பிய அறிகுறிகள் தோன்றியதோ அவ்வாண்டு டிசம்பரில். பரிசோதனையில் தேறியவர் ஐந்தே மாதத்தில் நோயாளியானார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. இதற்கிடையில் அவர் பல வைத்தியர்களை நாடினார், மருந்து உட்கொண்டார். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வைத்தியர் அவரை மனோவியாதி ஆஸ்பத்திரியில் சேரும்படியே சிபார்சு செய்தார். வேலைக்குத் தகுதியில்லை என்று சீட்டும் எழுதப்பட்டது. ஆனால் கம்பெனிக்கோ, பத்திரம் வழங்கிய அதிகாரிகளுக்கோ ஒரு வார்த்தையும் எட்டவில்லை. அவரும் சொல்லவில்லை, வைத்தியர்களும் சொல்லவில்லை.

அவர் ஏன் சொல்லவில்லை? பறக்கும் உரிமையை இழந்துவிடுவோம் என்ற அச்சம் ஒன்று; பணக் கஷ்டம் மற்றொன்று. பயிற்சிச் செலவுக்காக வாங்கிய சுமார் 41,000 யூரோ கடன் அவர் தலை மேல் இருந்தது. நிரந்தரமாகத் தகுதி இழந்தால் ஒரு தடவை கிடைக்கக்கூடிய தொகை 60,000 யூரோவுக்கும் சற்றுக் குறைவு. வருமானம் நின்றால் மாதா மாதம் கைகொடுக்கும் இன்ஷூரன்ஸ் எதுவும் அவருக்கில்லை. தமது பத்திரத்திலுள்ள குறிப்பே அவ்வித இன்ஷூரன்ஸ் எடுப்பதற்குத் தடையாக இருக்கிறதென்று அவர் ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தார். ஒரு தடவை உண்மை சொன்னதற்குக் கிடைத்த பலன் அது. இரண்டாந் தடவை அவர் வாய் திறக்காததில் என்ன ஆச்சரியம்?

வைத்தியர்கள் ஏன் சொல்லவில்லை? ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 203-வது பிரிவின்படி, நோயாளியின் ரகசியத்தை வெளியிடும் வைத்தியருக்குச் சிறைவாசம் விதிக்கலாம். பிறர் உயிருக்கு உடனடியான அபாயம் இருக்கும்போது வெளியிடலாம் என்ற விலக்கும் சட்டத்தில் உண்டு. ஆனால் ‘உடனடியான அபாயம்’ என்பதன் பொருளைத் தெளிவாக வரையறுத்துச் சொல்பவர் இல்லை. சொன்னால் சிறை வரலாம், சொல்லாவிட்டால் ஒன்றும் வராது என்ற நிலையில் வைத்தியர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஆக, நோயாளியின் வாயையும் அடைத்து, வைத்தியரின் வாயையும் அடைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு முறை எல்லாம் சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தது சட்டம்.

அமெரிக்காவில் நிலைமை இதனினும் விசித்திரமானது. அங்கே பரிசோதனை விண்ணப்பத்தில் பொய் கூறுபவருக்கு 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறைவாசமும் விதிக்கலாம். இவ்வளவு கடுமையான சட்டம் உண்மையை வரவழைத்ததா? ராணுவத்தில் சேவை செய்து உபகாரத் தொகை பெற்றுவந்த சுமார் 4,800 விமானிகள், அந்தத் தொகைக்குக் காரணமான நோய்களை விண்ணப்பத்தில் மறைத்திருக்கலாம் என்று அதிகாரிகள் விசாரித்து வந்தது 2023-இல் வெளியாயிற்று. பெயர் கேளாமல் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், மனநிலை பற்றிய வினாக்களுக்கு விடையளித்த 1,848 விமானிகளில் 233 பேர், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல், மனச்சோர்வின் எல்லைக்குள் இருந்தனர். அடுத்து 2022-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், பத்திரம் போய்விடும் என்ற பயத்தால் வைத்தியத்தையே ஏதோ ஒரு வகையில் தவிர்த்ததாக ஒப்புக்கொண்டவர்கள் பாதிக்கு மேற்பட்டோர். பெயர் கேட்டால் ஒருவருக்கும் நோயில்லை. பெயர் கேளாவிட்டால் எட்டில் ஒருவருக்கு நோய். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே பயத்தின் அளவு.

அந்தப் பயத்தின் விளைவு 2023 அக்டோபர் 22-ஆம் தேதி கண்ணெதிரே தோன்றியது. எவரெட் நகரிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குச் சென்ற விமானத்தில், வேலையில் இல்லாமல் விமானியறையின் உபரி ஆசனத்தில் பிரயாணம் செய்த விமானி ஒருவர், திடீரென்று எஞ்சின்களை நிறுத்தும் பிடிகளை இழுக்க முற்பட்டார். எண்பதுக்கு மேற்பட்டோரின் உயிர் மற்ற இரு விமானிகளின் சமயோசிதத்தால் தப்பியது. அவர் பல ஆண்டுகள் மனச்சோர்வால் வருந்தியும், லைசென்ஸ் போய்விடுமென்று மருந்து உட்கொள்ளாதவர். வைத்தியரிடம் செல்ல அஞ்சியவர் போதைக் காளானைத் தின்றார். இதன்பின் அமெரிக்க அதிகாரிகள் ஒரு கமிட்டி அமைத்தனர். அது 2024 ஏப்ரலில் 24 சிபார்சுகளைச் சமர்ப்பித்தது. நோயை வெளியிடுவதற்குள்ள தடைகளை நீக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ‘மனோவியாதி உள்ளவர்களுக்குச் சலுகை காட்டினால் விமானியறை ஆஸ்பத்திரியாகிவிடாதா? பரிசோதனையை இன்னும் கடுமையாக்குவதல்லவா பிரயாணிக்குப் பாதுகாப்பு?’ என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வி நியாயமானதே. 1982 பிப்ரவரியில் டோக்கியோவில் சித்தப் பிரமை பிடித்த தலைமை விமானி விமானத்தைக் கடலில் இறக்கியதில் 24 பேர் மாண்டதையும் நாம் அறிவோம். நோய் முற்றியவரை ஒருபோதும் பறக்க விடலாகாது. அதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நோயுள்ளவர் பறக்கலாமா கூடாதா என்ற தேர்வு நம் முன் இல்லை. அவர்கள் இப்போதே பறந்துகொண்டிருக்கிறார்கள். வைத்தியர் அறியப் பறப்பதா, அறியாமல் பறப்பதா என்பதே நம் முன்னுள்ள தேர்வு. கடுமையை அதிகப்படுத்துந்தோறும் அறியாமல் பறப்பவர்களின் தொகையே பெருகும்.

அனுபவமும் இதையே மெய்ப்பிக்கிறது. ஆஸ்திரேலிய சர்க்கார் 1987 முதலே, மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் விமானிகளை வைத்தியரின் மேற்பார்வையில் பறக்க அனுமதித்து வந்திருக்கிறது. பத்தாண்டுக் காலத்துக் கணக்கை எடுத்து, மருந்து உட்கொண்ட 481 விமானிகளையும் உட்கொள்ளாத 481 விமானிகளையும் ஒப்பிட்டு 2007-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. விபத்துகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்காவும் 2010-இல் நான்கு மருந்துகளுக்குக் கடும் நிபந்தனைகளுடன் கதவைச் சற்றே திறந்தது. ஐரோப்பா, ஆல்ப்ஸ் மலையில் கற்ற பாடத்தின் பயனாக 2018-இல் புதிய விதிகளை இயற்றியது. விமானிகள் தங்கள் கஷ்டத்தைத் தங்களுள் பயிற்சி பெற்ற சகாக்களிடமே ரகசியமாக எடுத்துரைத்து உதவி பெறும் ஏற்பாட்டை ஒவ்வொரு கம்பெனியும் செய்தே தீர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2021 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

நமது நாட்டுக்கு வருவோம். 2025 ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் நேர்ந்த விபத்தில் விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 260 பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதம் வெளிவந்த முதற்கட்ட அறிக்கை எவர் மீதும் பழி சுமத்தவில்லை. ஆயினும் இறந்துபோன விமானியின் மனநிலையைப் பற்றி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். விசாரணை முடியுமுன் தீர்ப்புக் கூறுவதும், பதில் சொல்ல இயலாதவரைக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமாகா. அந்த அவதூறு இறந்தவரோடும் நிற்கவில்லை. உயிரோடிருக்கும் ஒவ்வொரு விமானியும், மனம் சோர்ந்திருக்கிறது என்று நாம் வாய் திறந்தால் நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று உறுதி செய்துகொண்டிருப்பார்.

அவ்விபத்துக்கு நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று ஒரே நாளில் அந்தக் கம்பெனியின் 112 விமானிகள் சுகவீனம் என்று விடுமுறை கேட்டதாகச் சர்க்கார் பார்லிமெண்டில் தெரிவித்தது. 51 பேர் தலைமை விமானிகள், 61 பேர் துணை விமானிகள். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தனர். நாமோ இதை நல்லறிகுறி என்று கருதுகிறோம். தம் நிலை சரியில்லை என்று அறிந்தவர் பறக்கலாகாது என்பது சர்வதேச விதியின் கட்டளையே அல்லவா? அதை நிறைவேற்றியவர்களைக் குறை கூறுவோமானால், அடுத்த தடவை அவர்கள் மனத்தில் பாரத்தோடு விமானியறைக்குள் செல்வார்கள். அதற்குப் பொறுப்பாளிகள் குறை கூறியவர்களே.

விமானிகளுக்கு ஆதரவுக் குழுக்கள் அமைக்கும்படியும், மனநலம் பற்றிப் பயிற்சி அளிக்கும்படியும் 2023 பிப்ரவரியில் நமது இயக்குநரகம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல காரியம். ஆனால் சுற்றறிக்கை வேறு, சட்டம் வேறு. யோசனை சொல்வதோடு நிற்கும் காகிதம், லாப நஷ்டக் கணக்குப் பார்க்கும் கம்பெனியின் மேஜை மேல் எத்தனை நாள் உயிரோடிருக்கும்? ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவை இவை என்று வற்புறுத்துகிறோம்.

முதலாவதாக, மனோவியாதியின் காரணமாகத் தாற்காலிகமாகத் தகுதி இழக்கும் விமானிக்கு, சிகிச்சைக் காலம் முழுவதும் ஜீவனத்துக்குப் போதுமான சம்பளம் கிடைக்கும்படி, கம்பெனிகளும் விமானிகளும் பங்கு செலுத்தும் ஒரு நிதி ஏற்பட வேண்டும். மனோவியாதிக்கும் தேக வியாதிக்கும் வைத்திய இன்ஷூரன்ஸில் பேதம் காட்டக்கூடாதென்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு கூறுகிறது. அந்த நீதியையே லைசென்ஸ் இழப்புக்கான இன்ஷூரன்ஸுக்கும் விரிவுபடுத்த வேண்டும். கால் முறிந்தவனுக்குக் கொடுப்பதை மனம் முறிந்தவனுக்கு மறுப்பது எந்த தர்மம்?

இரண்டாவதாக, சகாக்களின் ஆதரவுக் குழுக்கள் ஒவ்வொரு கம்பெனியிலும் கட்டாயமாக வேண்டும். அங்கே சொல்லப்படும் வார்த்தை நிர்வாகத்தின் கைக்கு எட்டாதபடி விதியாலேயே காக்கப்பட வேண்டும். முதலாளியின் காதுக்குள் பேசுவது ரகசியமாகாது.

மூன்றாவதாக, வைத்தியரின் கடமையைச் சந்தேகத்துக்கிடமின்றி எழுத வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது; பிறரைத் தீங்கிலிருந்து காப்பாற்றுவதற்கும் பொதுமக்களின் பாதுகாப்புக்கும் விலக்கும் அளிக்கிறது. ஜெர்மன் சட்டத்திலும் விலக்கு இருந்தது. அது 150 பேரைக் காக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நோயாளி விமானி என்று தெரிந்தால் எந்த நிலையில், யாருக்கு, எவ்வளவு தெரிவிப்பது என்பதை விதிகள் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவருக்குப் பூரண பாதுகாப்பும் தர வேண்டும்.

நான்காவதாக, தகுதியில்லை என்ற உத்தரவு, காரணங்களுடன் எழுத்து மூலமாக, குறித்த கெடுவுக்குள் வர வேண்டும். எந்தச் சிகிச்சை பெற்று, எத்தனை காலம் நலமாயிருந்தால் மீண்டும் பறக்கலாம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். வெளியேறும் வழி தெரியாத அறைக்குள் ஒருவரும் தாமாக நுழையமாட்டார்.

எவரையும் தமக்கு விரோதமாகத் தாமே சாட்சி சொல்லும்படி நிர்ப்பந்திக்கலாகாது என்பது நாகரிக நாடுகளின் சட்டம். நமது அரசியல் சட்டமும் 20-வது பிரிவில் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை. விமானிக்கு அது பொருந்தாது. பொதுஜனங்களின் பாதுகாப்பை முன்னிட்டு, விமானி தமக்கு விரோதமாகவும் சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்பது நியாயமே. ஆனால் குற்றவாளியிடங்கூட நாம் கேட்கத் துணியாத ஒன்றை ஒரு நிரபராதியிடம் கேட்கிறோம் என்பதை உணர்ந்தால், அந்தச் சாட்சிக்குப் பாதுகாப்பளிப்பது நம் கடமை என்பதும் விளங்கும். கம்பெனிகளுக்கு இதில் சிறிது செலவு உண்டு. அதன் ஒரு பகுதி டிக்கெட்டின் விலையில் ஏறினாலும் பிரயாணிகள் முணுமுணுக்க மாட்டார்கள். விமானத்தை ஓட்டுபவர் தம் வைத்தியரிடம் பயமின்றிப் பேசக்கூடியவர் என்ற நிச்சயம், அவர்கள் கொடுக்கும் அந்தச் சில ரூபாய்க்கு மிகவும் மலிவான பண்டமே. சர்க்கார் இன்னொரு விபத்தையும் இன்னொரு கமிட்டியையும் எதிர்பார்த்துக் காத்திராமல் இந்த நான்கு சீர்திருத்தங்களையும் சட்டமாக்க முன்வருமாக.